பாக்கியத்தின் கால் இரும்பு

ஐப்பசி 3, திங்கள்

விடியும்போதே மழை. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கூரை மருந்து மேசைக்கு நேர் மேலே ஒழுகுகிறது. கொயினா மருந்து ஜாடிகளை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். காய்ச்சல்காரர்கள் வழக்கத்தைவிட அதிகம். எனக்குப் பல்வலி, இடது கடைவாய். கிராம்புத் தைலம்.

செய்ய வேண்டியவை: கூரைக்குத் தகரம் கேட்க. ரத்தம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் கழுவ. சின்னத்துரையின் நாய்க்கு மருந்து (நான் மனிதருக்கு மருந்து கட்டும் டிரெசர் என்று யார் அவரிடம் சொல்வது?).

பாக்கியத்துக்கு இன்று கால் இரும்பு மாட்டினோம். ஏழாம் நம்பர் மேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவள். வெட்டினவள் என்று எழுத வேண்டுமோ. வைகாசியில் கடுங்காய்ச்சல். உயிர் பிழைத்தாள், இடது கால் துவண்டுவிட்டது. ஊன்றினால் முழங்கால் மடங்கிவிடும். என் மருந்து அலமாரியில் அதற்கு ஒன்றும் இல்லை. பினாங்கில் பயிற்சியில் இருந்தபோது இப்படி ஒரு நோயாளிக்கு இரும்பு மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகத்தில் படம் போட்டுக் காதர் பாயிடம் கொடுத்தேன். தொடையில் ஒரு தோல்பட்டை, முழங்காலுக்குக் கீழே ஒன்று. காலின் இரு பக்கமும் இரும்புச் சட்டம். கீழ்முனைகள் கணுக்காலருகே உள்ளே வளைந்து, சப்பாத்தின் குதிகாலில் செருகிக்கொள்ளும்.

காதர் பாய், பாலைத் தகடாக்கும் ரப்பர் ஸ்டோரின் எஞ்சினைப் பார்ப்பவர். முனகாமல் ஒரு வேலையும் செய்யமாட்டார். இதற்கும் முனகினார். பழைய வேலிக் கம்பியைத் தட்டி, இரண்டே நாளில் செய்து கொண்டுவந்துவிட்டார்.

பாக்கியம் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். தூணைப் பிடிக்காமல். திரும்பி வரும்போது சிரித்தாள். அவள் புருஷன் மாரி வாசலில் மழையில் நனைந்துகொண்டே நின்றான், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

ரப்பர் விலை விழுந்துகொண்டே இருக்கிறது. வேலைக்கு ஆகாதவர்களை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பப்போவதாகப் பெரிய துரை சொல்லியிருக்கிறார். பாக்கியத்தின் பெயரும் உண்டு. நான்தான் இடையில் புகுந்து, கார்த்திகை பிறக்கும்போது ஒரு நிரை மரம் முழுக்க வெட்டிக் காட்டுவாள் துரை என்று சொல்லிவிட்டேன். துரை என்னைப் பார்த்த பார்வை. ஏன் அப்படிச் சொன்னேன்?

ஐப்பசி 6, வியாழன்

தூறல். பல்வலி தேவலை.

சட்டம் வளைந்துவிட்டது. கணுக்கால் மடிப்பில், வெளிப்பக்கச் சட்டம். பாக்கியம் காலை இழுத்து இழுத்து வந்தாள், ஏதோ அவள் கெடுத்துவிட்டது போல.

"நான் ஒண்ணும் பண்ணலீங்கய்யா. லயத்துக்கும் பைப்புக்கும் நடந்தேன், அம்புட்டுத்தான்."

காதர் பாய் அதைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டு நிமிர்த்தினார். சூடு காட்டவில்லை.

"இப்பப் பாருங்க தம்பி. அடி வாங்க வாங்க இரும்பு கெட்டிப்படும்லா. இனி வளையாது."

உண்மைதான். அவர் அரத்தை வைத்து இழுத்துக் காட்டினார். மற்ற இடத்தில் அரம் கடிக்கிறது, அடித்த இடத்தில் வழுக்குகிறது. எனக்குத் திருப்தி. சாயங்காலம் பருப்பு வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது.

ஐப்பசி 12, புதன். தீபாவளி

வெயில்! லயத்தில் ஒரே சத்தம். எண்ணெய்த் தலைகள். மதியத்துக்கு மேல் கள்ளுக்கடையிலிருந்து மண்டை உடைந்த இருவர். தையல் போட்டேன்.

மாரி பலகாரம் கொண்டுவந்தான். அதிரசம், கொஞ்சம் முறுக்கு. பாக்கியம் கோயில் வரை நடந்தே போய் வந்தாளாம். உட்காரச் சொன்னேன். படியில் உட்கார்ந்தான். பிறகு அவனாகவே சொன்னான்.

அவனும் அவளும் வேறு வேறு சாதி. ஊரில் விஷயம் தெரிந்துபோய், வீட்டுக்காரர்கள் தேடும்போதே இரண்டு பேரும் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறியவர்கள். பினாங்கில் இறங்கிய பிறகுதான் தாலி.

"அவ அண்ணன்மாரு மூணு பேருங்கய்யா. இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்களாம். தொரை கப்பல்ல ஏத்திட்டா, அங்க எறங்கி எங்க போறது? அவள மட்டும் அனுப்பினாலும் அதே கதைதான், ரெண்டு பேரா போனாலும் அதே கதைதான்."

"கங்காணிகிட்ட சொன்னியா?"

"சொன்னா லயத்துலயே ஒதுக்கிப்புடுவாங்கய்யா."

நடப்பாள், வெட்டுவாள் என்றேன். அவன் போனபிறகு அதிரசம் சாப்பிட்டேன், மூன்று. பல் மறுபடி வலிக்கிறது.

ஐப்பசி 15, சனி

மழை.

இரும்பு உடைந்தது. வளையவில்லை, உடைந்தது. நிமிர்த்திய அதே இடம்.

பாக்கியம் பழக்கத்துக்காக ஏழாம் நம்பர் மேட்டுக்குப் போயிருக்கிறாள். இறங்கும்போது பட்டென்று முறிந்து குப்புற விழுந்தாள். தாடையில் வெட்டு. தையல் போடும்போது அழவில்லை. போட்டு முடித்ததும், உடைந்த துண்டை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு அழுதாள்.

காதர் பாய் வந்தார். முறிந்த முகத்தைப் பார்த்தார். ஓரத்தில் கறுப்பாக, தேய்ந்து வழவழப்பாக. நடுவில் மட்டும் வெள்ளை, பொடிச் சீனி போல மினுக்கு.

"என் கையாலதான் தம்பி அடிச்சேன்," என்றார். அவர் முனகாமல் போனது இன்றுதான்.

ஐப்பசி 16, ஞாயிறு

மூடல். வெயில் இல்லை.

பாயிடம் ஒரு எஞ்சினியர் புத்தகம் இருக்கிறது, எந்தத் துரையோ விட்டுப்போனது. ஆங்கிலம். அவர் படங்களை மட்டும் பார்ப்பார். இன்று நான் படித்துச் சொன்னேன். இரும்பு ஓயாமல் ஆடினால் அதன் உள்ளே மாறி, பளிங்குத் துகள்களாகி, பிறகு உடையும் என்று பலர் சொல்வார்கள், அது தப்பு என்று போட்டிருக்கிறது. இரும்பு பிறந்ததிலிருந்தே மணி மணியாகத்தான் இருக்கிறதாம்.

"தப்பா? கண்ணால பாக்குறோமே, சீனி மாதிரி இருக்கே! ஒடையாத எடத்துல அப்பிடியா இருக்கு?" பாய்க்குக் கோபம்.

"பாத்தாத்தான் தெரியும் பாய்."

"எதுல பாக்குறது?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஜன்னலோர மேசையைப் பார்த்தோம். மலேரியா ரத்தம் பார்க்கும் மைக்ராஸ்கோப்.

புத்தகத்தில் முறை இருக்கிறது. துண்டை அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் சில சொட்டு கலந்த ஸ்பிரிட்டில் முக்க வேண்டும். அமிலம் ஆஸ்பத்திரியில் உண்டு, ஸ்பிரிட்டும். பாய் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசி மெருகு என் பல்பொடியும் கம்பளித் துணியும். கட்டைவிரலில் அமிலம் பட்டு மஞ்சளாகிவிட்டது.

லென்ஸில் வைத்தால் கும்மிருட்டு. எனக்கே சிரிப்பு. ரத்தம் என்றால் வெளிச்சம் கீழிருந்து ஊடுருவி வரும். இரும்புக்குள் எப்படி வரும்? மேலிருந்து விழ வேண்டும். வெயில் வேண்டும்.

ஐப்பசி 18, செவ்வாய்

காலை ஆறு பேருக்குக் காய்ச்சல் இறங்கியது. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில்.

மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை மெழுகால் சாய்வாக ஒட்டினேன், லென்ஸுக்கும் இரும்புக்கும் நடுவில். சவரக் கண்ணாடியை ஜன்னலில் நிறுத்தி வெயிலை அந்தச் சில்லில் திருப்பினேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. சட்டென்று தெரிந்தது.

வெளுப்பான மணிகள். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கறுப்பு வரப்பு. இடையிடையே கரும் திட்டு. ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, ஆனால் உருண்டையாக, நிம்மதியாக. இது உடையாத, வளையாத பக்கத்திலிருந்து அறுத்த துண்டு. ஆக, புத்தகம் சொன்னது சரி.

பிறகு மடிப்பில் அறுத்த துண்டு. அதே மணிகள்தான். ஆனால் நீளநீளமாக இழுபட்டு, ஒரே பக்கமாகச் சாய்ந்து, நசுங்கி. கரும் திட்டுகள் கோடு கோடாக.

பாய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி பார்த்தார். "அல்லாவே" என்றார். தையல் பிரிக்க வந்திருந்த பாக்கியமும் பார்க்க வேண்டும் என்றாள். ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"இது முன்னாடி பாத்ததுங்களா?"

"ஆமா. நல்லா இருக்கிற இடம்." துண்டை மாற்றி வைத்தேன்.

"இது?"

"அடிபட்ட இடம்."

கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதுல எல்லாம் உக்காந்திருக்கு. இதுல மிதிபட்டுப் படுத்துக் கெடக்குதுங்கய்யா," என்றாள். "இதுக்கு மேல படுக்கறதுக்கு எடமே இல்ல. பின்ன ஒடையத்தானே செய்யும்?"

புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சொல்லியிருப்பது அதுதான். அடித்தால் கெட்டிப்படும், பாய் சொன்னது பொய்யில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கும் தன்மை தீர்ந்துபோகும். பிறகு ஒவ்வொரு அடிக்கும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

மதியம் சாப்பிட மறந்தேன்.

ஐப்பசி 21, வெள்ளி

பாய் தொழுகைக்குப் போய் வந்தபிறகு அடுத்தது. மடிப்புத் துண்டில் ஒன்றை நேற்றே ஆஸ்பத்திரிப் பின்கட்டு அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, தானாக ஆற விட்டிருந்தார். இன்று தேய்த்துப் பார்த்தோம். மேகம் விலகும்வரை காத்திருந்து பார்க்க வேண்டியிருந்தது.

மணிகள் மறுபடி உருண்டை! நசுங்கின சுவடே இல்லை. பாக்கியம் கைதட்டிவிட்டாள். "சூடு பட்டதும் எந்திரிச்சு உக்காந்திருச்சே!"

ஆனால் பாய் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அந்தத் துண்டை வைஸ் இடுக்கில் வைத்துக் கையால் அழுத்தினார். ஈயம் மாதிரி மடங்கியது.

"இப்ப இது சாது. மறுபடி வளையும். வளைஞ்சா நிமித்தணும். நிமித்துனா ஒடையும். சூசாலா தம்பி, பெரிய தொல்லை இது. இரும்பே வேற வேணும்."

"வேறன்னா?"

"லாரி ஸ்பிரிங்."

புத்தகத்தைப் புரட்டினேன். லாரியின் பட்டை ஸ்பிரிங் வெறும் இரும்பு அல்ல. கரியோடு குரோமியம், வனேடியம் என்று ஏதேதோ உலோகம் கொஞ்சமே கொஞ்சம் கலந்த எஃகு. உப்பளவுதான் கலப்பு. ஆனால் நாளெல்லாம் மடங்கி மடங்கி நிமிர்கிறது.

தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி இன்று வந்து மோப்பம் பிடித்தார். "டிரெசர், ஆஸ்பத்திரியில என்ன கொல்லன் பட்டறை வாடை?" மருந்து காய்ச்சுகிறேன் என்றேன். மாதாமாதம் வரும் டாக்டர் அந்த லென்ஸைப் பார்த்தால் என் கதி என்ன?

ஐப்பசி 23, ஞாயிறு

பாயோடு சுங்கைப்பட்டாணி டவுனுக்கு. சடக்கு ரோடெல்லாம் சேறு. பஸ் ஒருமுறை நின்றது, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வெள்ளை வேட்டி போச்சு.

பாயின் மச்சான் ஒருவர் பாக்கார் ஆராங் பக்கம் பழைய வண்டிச் சாமான் வைத்திருக்கிறார். பாய் விஷயத்தைச் சொன்னார். மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. குவியலுக்குள் இறங்கி உடையாத பட்டைகளாக மூன்று தேடி எடுத்துக் கொடுத்தார். "அந்தப் பொம்பளை நடந்தா எனக்கு ஆள் மூலமா சொல்லி அனுப்புங்க, போதும்." ஆட்டுக்கறிச் சாப்பாடும் போட்டார்.

பஸ்ஸில் ஸ்பிரிங் பட்டைகள் என் மடியில். கனம். பாய் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார்.

வாங்கியவை: உப்புத்தாள், பல்பொடி, ஊதுபத்தி. வாங்க மறந்தது: தீப்பெட்டி.

ஐப்பசி 25, செவ்வாய்

மழை. எல்லாம் கெட்டது.

பட்டையை நீளவாக்கில் பிளந்து, காய்ச்சிச் சட்டமாக்கி, மடிப்பு வைத்தார் பாய். அழகாக வந்தது. பிறகு சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். 'டிங்' என்று ஒரு சத்தம், வெண்கலக் கிண்ணத்தில் தட்டினது போல. எடுத்துப் பார்த்தால் மடிப்பின் குறுக்கே வெடிப்பு.

பாய் இடுக்கியை எறிந்தார். தோட்டத்தையும், துரையையும், என்னையும், மழையையும் திட்டினார். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அவர் எஞ்சின் ரூமுக்குப் போய்விட்டார்.

மாரி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

ஐப்பசி 26, புதன்

காலையில் பாய் ஒன்றும் நடக்காதது போல வந்து கோப்பி கேட்டார். கொடுத்தேன். புத்தகத்தை விரித்தேன்.

இந்த எஃகுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய். அப்புறம் சிவப்பு மங்கிய பிறகு சுத்தியல் போடக் கூடாது. சூட்டோடு அடித்தால் மணிகள் உடைந்து உடைந்து, அந்தச் சூட்டிலேயே புதிதாகச் சின்னச் சின்னதாகப் பிறந்துகொள்ளும். பொடி மணியானால் உறுதி அதிகம். ஆறினபின் அடித்தால் பழைய கதை, நசுங்கித்தான் கிடக்கும்.

"மங்கினப்புறமும் நான் நாலு போட்டேன், தம்பி," என்றார் பாய். "நேத்து அவசரத்துல."

எண்ணெய்க்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் ஒரு முழு டின் விளக்கெண்ணெய் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்க. இந்த மாதம் பிள்ளைகளுக்கு விடுதலை.

ஐப்பசி 27, வியாழன்

நல்ல நாள்.

பட்டை ஆரஞ்சாகக் காய்ந்ததும் அடி, மங்கினதும் அடுப்பில். மறுபடி அடி, மறுபடி அடுப்பில். பாய் ஒருமுறைகூட மீறவில்லை. நான் துருத்தி ஊதினேன். பிறகு விளக்கெண்ணெயில் முக்கு. புகை, நாற்றம், கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டம். சத்தம் வரவில்லை. வெடிப்பில்லை.

ஆனால் முக்கினதும் கண்ணாடிபோல முறியும் பதம். அதனால் மெருகு போட்டுச் சூடான மணலில் வைத்துக் காத்திருந்தோம். வைக்கோல் நிறம் வந்தது, பழுப்பு, ஊதா, பிறகு மயில்கழுத்து நீலம். "இப்ப!" என்று பாய் கத்தினார். எடுத்துவிட்டோம்.

ஒரு சிறு துண்டை லென்ஸில் பார்த்தேன். மணிகளே தெரியவில்லை. நுணுநுணுவென்று ஊசிகள், வைக்கோல் தூசி கொட்டினது போல. எனக்குப் புரியவில்லை. புத்தகமும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை. இருக்கட்டும்.

வைஸில் வைத்து அழுத்தினால் வளைகிறது, விட்டால் திரும்பிவிடுகிறது. பாய் அதையே பத்துப் பதினைந்து தரம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் மாட்டிப் பார்த்தாள். பழையதைவிடக் கனம் குறைவு. "இருக்கிறதே தெரியலீங்க," என்றாள். மாரி முதல்முறையாக ஆஸ்பத்திரிக்கு உள்ளே வந்து, குனிந்து, அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தான்.

கார்த்திகை 1, திங்கள்

இரவு மழை, விடியலில் விட்டது. மரப்பட்டை ஈரம். காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டபோது பாக்கியம் மற்றவர்களோடு நின்றாள். வலது கால் வெறுங்கால், இடது காலில் சப்பாத்து, இரும்பு. யாரோ ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி அவளை அதட்டினாள்.

ஏழாம் நம்பர் மேடு. நான் கொசுவுக்கு எண்ணெய் ஊற்றிய கால்வாய்களைப் பார்க்க வந்ததாகப் பாவனை. பார்த்தது கால்வாயை இல்லை.

நிதானமாக வெட்டினாள். ஒவ்வொரு மரத்திலும் இரும்புக் காலை முதலில் ஊன்றிக்கொள்கிறாள், பிறகு கத்தி. மாரியின் நிரை பக்கத்தில். உதவக் கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டான். நிரை பாதியில், கால்வாய்ச் சறுக்கலில் அவள் சப்பாத்து வழுக்கியது. முழுப் பாரமும் அந்தக் கணுக்கால் மடிப்பில். சட்டம் வில்லாக வளைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாரி கத்தியைப் போட்டுவிட்டான்.

நிமிர்ந்துவிட்டது. அவளும்தான். சேற்றைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

பால் எடுத்து, காண்டாக் கம்பைத் தோளில் வைத்து வாளி மாட்டிக் கொண்டுவந்து ஊற்றியபோது மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். பெரிய துரை காத்திருந்தார். அவர் அவள் காலைப் பார்க்கவில்லை. மேட்டுக்கு ஏறிப்போய் மரங்களைப் பார்த்தார். வெட்டு ஆழமாகி மரத்தில் காயம் பட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவினார். இறங்கி வந்தார்.

"வெட்டு நல்லாருக்கு. ரொம்ப மெதுவா." பிறகு என்னிடம், "டிரெசர், அந்த இரும்பு உடைஞ்சா?"

உடையாது என்று சொல்ல வாய் வரை வந்தது. "என்னைக்காவது உடையும் துரை. உடையறதுக்கு முன்னாடியே வெடிப்புத் தெரியும். பாத்து மாத்திடலாம்."

"யார் பார்க்கிறது?"

நான் பாயைப் பார்த்தேன். எஞ்சின் ரூம் வாசலில் நின்றவர் முன்னால் வந்தார். "நான் சொல்லிக் குடுக்கிறேன் துவான். இவ புருஷனே பாப்பான்."

துரை கங்காணியிடம், இவளுக்கு மேட்டில் வேண்டாம், ஸ்டோருக்குப் பக்கத்துச் சமநிலத்தில் போடு என்றார். அவ்வளவுதான். காரில் ஏறிவிட்டார்.

பாக்கியம் கப்பலில் போகவில்லை. மாரி எஞ்சின் ரூமுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

பல்வலி சுத்தமாக மறந்துவிட்டிருந்தது. இப்போது ஞாபகம் வந்து வலிக்கிறது.

கார்த்திகை 2, செவ்வாய்

பாய் மாரிக்குக் காட்டிக்கொடுத்தார், நானும் கற்றேன். இரும்பைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவ வேண்டும். கொஞ்சம் பொறுத்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவ வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளிந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். தண்ணீரில் வெடித்த பழைய சட்டத்தில் செய்து காட்டினார். கறுப்புக் கோடு, தெளிவாக. மாரி ஞாயிறுதோறும் பார்ப்பான்.

கார்த்திகை 4, வியாழன்

மூடல். எழுதவே பிடிக்கவில்லை.

ஸ்டோர் எஞ்சினை நிறுத்தப்போகிறார்கள். பால் இனி லாரியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். செலவு மிச்சம். பாய்க்கு வேலை இல்லை. துரை நேரில் கூப்பிட்டுச் சொன்னாராம், மரியாதையாகத்தான்.

நான் துரையிடம் பேசட்டுமா என்றேன்.

"எதுக்கு? ஒருத்திக்குப் பேசினீங்க, கேட்டாரு. எல்லாத்துக்கும் பேசினா உங்களையும் சேத்து அனுப்பிடுவாரு." கோப்பியை ஊதினார். "ஸ்பிரிங் குடுத்த மச்சானோட சினேகிதன் அலோர் ஸ்டார்ல பஸ் பட்டறை வச்சிருக்கான். போய்ப் பாக்குறேன்."

அவர் முனகவே இல்லை. முனகியிருந்தால் தேவலை.

கார்த்திகை 7, ஞாயிறு

பாய் போனார். ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய கோரைப்பாய், இடுக்கிகள் ஒரு சாக்கில். புத்தகத்தை என்னிடம் விட்டுப்போகிறேன் என்றார். நான் வாங்கவில்லை, அவருக்குப் படித்துச் சொல்ல அங்கேயும் ஒருவர் கிடைப்பார். கடைசியில், அந்த மைக்ராஸ்கோப்பில் ரத்தமும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். ஒரு மலேரியாக் கண்ணாடி வைத்துக் காட்டினேன். "இதுக்கு இரும்பே தேவலை," என்றார்.

பாக்கியமும் மாரியும் சடக்கு வரை வந்தார்கள். பாக்கியம் சோறு கட்டிக் கொடுத்தாள். பாய் குனிந்து, அவள் கணுக்கால் மடிப்பை நகத்தால் ஒருமுறை தடவினார். "அந்தப் பக்கம் வந்தா பட்டறைக்கு வாங்க, கூடப்பொறந்த நானா வீட்டுக்கு வர்ற மாதிரி" என்றார். பஸ் வந்துவிட்டது.

இத்தனை நாளும் பாய்க்கும் சேர்த்தே சமையல். ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு சின்ன வேலை.

கார்த்திகை 20, சனி

டாக்டர் வந்து போனார். லென்ஸில் மெழுகு ஒட்டியிருக்கிறதே என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு பாக்கியத்தைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னார், அந்த இரும்பை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கெண்ணெய்க்குப் புது டின் எழுதிக்கொடுத்தார். கூரைத் தகரம் இன்னும் வரவில்லை.

பாயிடமிருந்து பஸ் கண்டக்டர் மூலம் சேதி. வேலை கிடைத்தது. முதலாளி சத்தக்காரராம், இவருக்குப் பொருத்தம்.

மார்கழி 6, ஞாயிறு

பனி. காய்ச்சல் குறைவு. பல்லை வியாழனன்று பிடுங்கியாயிற்று, நாக்கு அந்த இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

மதியம் பாக்கியமும் மாரியும். சுண்ணாம்புப் பொடி பார்த்தாயிற்று, கோடில்லை என்றான் மாரி. சரி என்றேன். போகவில்லை. மாரி தரையைப் பார்த்தான். பாக்கியம் அவனைப் பார்த்தாள், பிறகு அவளே சொன்னாள்.

"முழுகாம இருக்கேங்கய்யா."

படுக்க வைத்துப் பார்த்தேன். உண்மைதான், மூன்று மாதம் இருக்கும். எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். முகத்தில் சந்தோஷம், ஆனால் அதற்கு மேல் ஒரு கவலை.

"போகப் போகக் கனம் கூடுமில்லீங்களா? இரும்பு ரெண்டு பேரத் தாங்குமா?"

எனக்குத் தெரியாது. புத்தகத்தில் இருந்தாலும் புத்தகம் இங்கே இல்லை. அவளை நிற்க வைத்து, தொடையிலிருந்து குதிகால் வரை நாடாவால் அளந்தேன். மாரி சட்டத்தின் தடிமனை நூலில் முடிச்சுப் போட்டு எடுத்தான்.

நாளை காய்ச்சல்காரர்களைக் காலையிலேயே பார்த்துவிட்டு, முதல் பஸ்ஸில் அலோர் ஸ்டார். பாயிடம் தடிமனான பட்டை இருக்கும்.